தண்ணியா, ஸ்பிரிட்டா? அயோடின் எதில் கரையும்

கன்னு போட்டதும் தொப்புள்கொடியில் டிங்சர், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அயோடின், தடவுவது காங்கேயம் பக்கத்துக் கட்டுத்தறிகளில் வழக்கம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: "ஏனுங் தம்பி, இதைத் தண்ணியிலயே கலக்கிக்கிட்டா ஆகாதுங்களா?"

கலக்கிக் காட்டினேன். கருப்பாக மினுங்கும் அயோடின் செதில்கள் தம்ளர் அடியில் அப்படியே கிடந்தன. மேலே தண்ணீர் லேசாக மஞ்சளானதோடு சரி. 1 லிட்டர் தண்ணீரில் 0.3 கிராம் அளவுதான் கரையும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். மின்முனைவு (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் சாய்வு) இல்லாத அயோடினுக்கு அங்கே இடமில்லை.

ஸ்பிரிட்டில் போட்டால் கதையே வேறு. செதிலைச் சுற்றிப் பழுப்பு இழை இழையாகக் கிளம்பி, நொடியில் காபி டிக்காஷன் நிறம். 1 கிராமுக்குச் சுமார் 13 மில்லி எத்தனால் (ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால்) போதும்; தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 3 லிட்டர் வேண்டும். எத்தனாலின் ஆக்சிஜன் அயோடினோடு ஒட்டி உறவாடுவதால்தான் அந்தப் பழுப்பு. அப்படி ஒட்டாத ஹெக்சேன் என்ற பெட்ரோல் வகைத் திரவத்தில் அயோடின் ஊதாவாகவே நிற்கும், அதன் ஆவியைப் போல.

தண்ணீருக்கும் ஒரு குறுக்குவழி உண்டு: பொட்டாசியம் அயோடைடு. அது சேர்ந்தால் டிரை அயோடைடு (மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்த) அயனி உருவாகி, நன்றாகக் கரையும். 1829-இல் பிரெஞ்சு மருத்துவர் லூகோல் செய்த கரைசல் இந்த வகைதான். மரவள்ளிக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டால், அதிலுள்ள மாவுச்சத்தால் கருநீலமாகும். பள்ளிக்கூடச் சோதனைக்கு எனக்கு இதுவே பிடித்தம்.

கன்னுக்குட்டிக்கு என் ஓட்டு ஸ்பிரிட்டுக்கே. கொடி சீக்கிரம் காயும். திறந்த புண்ணில் மட்டும் வேண்டாம், எரிச்சல் தாங்காது. சீசா மூடியையும் இறுக்கி வையுங்க, ஸ்பிரிட் பறந்துவிடும்.