ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா? டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு ஸ்லீப்புக்கு

இரண்டு வருடம் ஹைபர்னேட்டிலேயே ஓட்டிவிட்டு ஸ்லீப்புக்கு மாறியவன் நான். அதனால் தராசு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திறந்திருக்கும் வேலையை மூடாமலேயே கம்ப்யூட்டரை ஓய்வுக்கு அனுப்பும் இரண்டு வழிகள் இவை. ஸ்லீப்பில், நடக்கிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்கு மட்டும்தான் கிட்டத்தட்ட கரண்ட் போய்க்கொண்டிருக்கும். ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் மொத்தமாக அணைந்துவிடும். முன்னது கீபோர்டைத் தட்டினால் ஓரிரு நொடியில் எழுந்துவிடும். பின்னது எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருந்தாலும், மெஷினை ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் திரையிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

கரண்ட் செலவைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். ஸ்லீப்பில் 3 வாட் போகிறது என்று வைத்தால், தினம் 15 மணி நேரத்துக்கு மாதம் 1.35 யூனிட். அதே மெஷினை 50 வாட்டில் சும்மா ஓடவிட்டால் 22 யூனிட்டைத் தாண்டும். ஹைபர்னேட் வைத்திருந்த காலத்தில் நான் செய்தது இந்த இரண்டாவதுதான். 'பத்து நிமிஷத்தில் வந்துவிடுவோம், எதற்கு அணைத்துக்கொண்டு' என்று விட்டுப்போவேன், ராத்திரி வரை ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லீப் வந்தபின் டீ போட எழுந்தாலும் பட்டனைத் தட்டிவிடுகிறேன்.

சரி, கரண்ட் போனால்? லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டாப்புக்கு சுவிட்ச் போர்டுதான் கதி. ஸ்லீப்பில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் ரேமில் இருந்தது அத்தனையும் போச்சு. எனக்கு நடந்தது அதுதான். திரை இருட்டாக இருக்கிறதே, அணைத்தாகிவிட்டது போல என்று வீட்டில் ஒருவர் எக்ஸ்டென்ஷன் போர்டை ஆஃப் செய்துவிட்டார். கேபினட்டில் மினுக்கிக்கொண்டிருந்த சின்ன விளக்கை யார் கவனிப்பார்கள்? சேவ் செய்யாத கணக்கு ஷீட் ஒன்று அதோடு போயிற்று.

தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்தான். விண்டோஸில் ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒன்று உண்டு, விஸ்டா காலத்திலிருந்தே. தூங்கப் போகும்போது ரேமில் இருப்பதை டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவிடும். கரண்ட் இருந்தால் ரேமிலிருந்து சட்டென்று எழும். கரண்ட் போயிருந்தால் டிஸ்க்கிலிருந்து மீட்கும். இதற்கு ஹைபர்னேட் வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். நானோ சி டிரைவில் இடம் பிடிக்கிறதே என்று அதை முடக்கி வைத்திருந்தேன். ஹைபர்னேட்டுக்காக விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கும் ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம் அளவு இருக்கும். 32 ஜிபி ரேம் என்றால் 13 ஜிபி வரை. அந்த இடத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஹைப்ரிட் ஸ்லீப்பும் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. இப்போது திரும்ப இயக்கிவிட்டேன். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை (போனைப் போல அரைத்தூக்கத்தில் இருக்கும் புது வகை ஸ்லீப்) உள்ள மெஷின்களில் அது தென்படாது. அங்கே கரண்ட் நம்பகமில்லை என்றால் ஹைபர்னேட்தான் சரி.

ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதினால் எஸ்எஸ்டி தேயாதா என்பார்கள். தேயும்தான், ஆனால் ஹைபர்னேட்டிலும் அதே எழுத்துதானே. லினக்ஸில் நான் இரண்டையும் அதிக நாள் ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் வாய் திறக்கவில்லை.

வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போது இரண்டும் வேண்டாம், ஷட் டவுன் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். ஸ்லீப்பில் எனக்கு மிச்சமிருந்த ஒரே தொல்லை, மேசையில் முட்டினாலே மவுஸ் அசைந்து நடுராத்திரியில் திரை பளிச்சென்று எரிவது. டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்குக் கணினியை எழுப்பும் அனுமதி டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது கீபோர்டு மட்டும்தான் எழுப்பும்.