உவர்மலை ஊசியா, கிளினிக் குளிசையா?

கிருமித்தொற்றும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை என்று சோதித்துச் சொன்ன பிறகும் சலம் அடக்க முடியாமல் ஓடுகிற பெண்களுக்காக, கிளினிக் குளிசையையும் திருகோணமலை உவர்மலையில் குத்தும் அக்குபங்சர் ஊசியையும் ஒப்பிட்டு இதை எழுதுகிறேன். திருமலையில் கண்டி பஸ் ஏறி ஹபரணை வருமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

முதலில் கிளினிக்கில் தந்த டொல்டெரோடின் குளிசை. வேலை செய்யும், சில கிழமைகளிலேயே அந்த அந்தரம் குறைந்துவிட்டது. ஆனால் வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும், மலச்சிக்கல் வேறு. சலப்பையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியை மறிக்கிற மருந்து, எச்சில் சுரப்பிக்கும் குடலுக்கும் போகிற செய்தியையும் சேர்த்தே மறிக்கிறது. இந்த ஊர் வெயிலில் வாய் காய்ந்தால் தண்ணீர் குடிக்காமல் இருக்க ஏலுமா, குடித்தால் திரும்பவும் அதே ஓட்டம்தான்! மிராபெக்ரான் என்று வேறு வகைக் குளிசை இருக்கிறது, அதில் வாய் அவ்வளவு காயாது, ஆனால் பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் உவர்மலையில் ஒரு மாடி அறையில் அக்குபங்சர் ஊசி. பெண்களுக்கு ஒரு அக்காதான் குத்துகிறார், பக்கெட்டை நம் கண்முன்னே கிழித்துப் புது ஊசி எடுக்கிறார். அடிவயிற்றில் சில, உட்பக்கக் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே ஒன்று. அந்தக் கணுக்கால் ஊசியில் நோவு இல்லை, பாதம் வரைக்கும் கனமாக இழுக்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஊசி வைத்து மெல்லிய கரண்ட் கொடுக்கிறார்கள், கிழமைக்கு 30 நிமிடம், 12 கிழமை. கணுக்காலில் அந்த இடத்தில் ஓடும் நரம்பும் சலப்பை நரம்பும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் இருந்து வருகிறவை.

பலன்? மெதுவாக, குளிசை அளவுக்கு எனக்கு இல்லை, ஆனால் வாய் காயவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கொக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வு 15 பரிசோதனைகளை அலசிவிட்டு, ஊசி குளிசையை விடச் சற்றுக் கூடுதலாக உதவலாம், பக்கவிளைவும் குறையலாம் என்கிறது, ஆனால் ஆதாரம் பலவீனம் என்றும் சேர்த்தே சொல்கிறது. இப்படியிருக்க, அங்கே சுவரில் ‘பூரண நிவாரணம்’ என்று ஒட்டியிருப்பதும் குளிசையை எறியச் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

காசும் பாருங்கள். கிளினிக் குளிசை இலவசம், ஊசிக்கு ஒவ்வொரு முறையும் காசு, ஓட்டோக்கூலி தனி. குளிசை ஒத்துக்கொண்டால் அதுவே போதும், வாய் காய்வது தாங்காதவர்கள் ஊசிக்குப் போகலாம். இரண்டுக்கும் முதல் பிளேன்டீயைக் குறைத்து, சலம் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

உவர்மலை இடத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் முழுக்க அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சுத்தமான டொய்லெட்டுக்கு.