செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்: புதுச்சேரிக் கடைகளில் எந்தப் பாட்டிலை வாங்குவது?

வேப்பெண்ணெய் என்று கேட்டால் புதுச்சேரிக் கடைகளில் இரண்டு விதமான பாட்டில்களை நீட்டுவார்கள். ஒன்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் எண்ணெய். இன்னொன்று உரக்கடையில் விற்கும், அசாடிராக்டின் (பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேம்பின் சத்து) அளவு அச்சிட்ட பூச்சி மருந்து. செம்பருத்தியிலும் குரோட்டன்ஸிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்தால் இரண்டாவதை வாங்குங்கள், அதிலும் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) பாட்டிலை. லேபிளில் இதை 0.15 சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். 300 பிபிஎம் பாட்டில் விலை குறைவுதான். ஆனால் மருந்துச் சத்து ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அது மலிவே இல்லை. வெறும் எண்ணெயில் இந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பால் போல வெளுத்துக் கலந்தால் தண்ணீரில் கரையும்படி தயாரித்த மருந்து. எண்ணெய் மேலே மிதந்தால், லேபிள் என்ன சொன்னாலும் சோப்பு சேர்த்தே ஆக வேண்டும். தயாரிப்புத் தேதியும் முக்கியம். அசாடிராக்டின் வெயிலிலும் சூட்டிலும் சிதைந்துவிடும். கடை வாசலில் வெயில் படும் தட்டில் அடுக்கி வைத்த பாட்டிலைத் தொடவே வேண்டாம். லிட்டருக்கு 5 மில்லி என்ற கணக்கில் 100 மில்லி பாட்டில் 20 லிட்டருக்கு வரும். வீட்டுத் தோட்டத்துக்கு அது தாராளம்.

பலரும் கோட்டைவிடுவது தண்ணீரில்தான். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் சோப்பைக் கரைத்தால் திரிந்து கட்டியாகித் தெளிப்பானின் நாசிலை அடைக்கும், எண்ணெயும் தனியே பிரியும். பிரிந்த எண்ணெய் பட்ட இடத்தில் இலை கருகும். பழி மருந்தின் மேல் விழும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். எண்ணெய் மிதக்கும் மருந்தாக இருந்தால், லிட்டருக்கு 2 கிராம் காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை நன்றாக அடித்துக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் இலையின் மெழுகுப் பூச்சையே கரைத்துவிடும், வேண்டாம். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

தெளிப்பதற்கு முந்தைய நாள், மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்ற கிளைகளில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவைக் கழுவுங்கள். மாவுப் படலம் மருந்தை உள்ளே விடாது. இதைச் செய்யாமல் எத்தனை தடவை தெளித்தாலும் பலன் அரைகுறைதான். பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும் என்பதால் எறும்புப் புற்றையும் கவனியுங்கள். அந்தத் திரவத்தில்தான் கரும்பூசணமும் படர்கிறது.

தெளிப்பது சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனைய. கத்திரி வெயிலில் பகலில் தெளித்தால் தளிர் வெந்துவிடும். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெளித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போகும்; வெறிப்பு விடும் நாளுக்குக் காத்திருங்கள்.

மறுநாளே பூச்சி சாகவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. இது உடனே கொல்லும் மருந்து அல்ல. தின்பதைக் குறைக்கும், குஞ்சு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். பஞ்சு போன்ற பைக்குள் இருக்கும் முட்டையை எட்டாது, அதனால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும். வாடை ஓரிரு நாள் வீட்டைச் சுற்றும். வாங்குபவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிப்பதற்கு முன் கட்டாயம் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக ஊரும் புழு இருந்தால் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. அந்தக் கிளையில் மருந்து அடிக்காதீர்கள். அரளி, நந்தியாவட்டை இலைகளை மொட்டையடிக்கும் தடித்த பச்சைப் புழுவுக்கும் இந்தப் பாட்டிலைத் தேட வேண்டாம். அதைக் கையால் பொறுக்கிப் போடுவதே வேகமான வழி.