சிங்கப்பூருக்கு முதல் பயணம்: அறை தேக்காவிலா, ஜோகூரிலா?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களுக்குச் சிங்கப்பூர் புதிய பெயர் அல்ல. ஆனால் அந்தக் காலத்துச் சபராளிகளுக்கு (பிழைப்புக்குக் கடல் கடந்து போனவர்களுக்கு) தங்குமிடம் ஒரு கேள்வியாக இருந்ததில்லை. கடை முதலாளியின் மாடியோ சொந்தக்காரர் வீடோ காத்திருக்கும். இன்று குடும்பத்தோடு நாலைந்து நாள் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வருகிறது. டிக்கெட் போடப் போன இடத்திலேயே ஒரு யோசனையும் சேர்ந்து கிடைக்கும்: "சிங்கப்பூர்ல ரூம் வாடகை ஜாஸ்தி. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவுல இருக்கிற ஜோகூர்ல தங்கிக்கிடுங்க. காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாம்."

முதல் முறை போகிறவர்கள் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், தங்குவதே சரி என்பது நாங்கள் எடுத்த முடிவு. வாடகை விஷயத்தில் ஜோகூர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். தேக்காவில் ஒரு சின்ன அறைக்குக் கொடுக்கும் காசில் ஜோகூர் பாருவில் அகலமான அறையே கிடைக்கும். சாப்பாடும் அங்கே மலிவு. ஹலால் கடை தேடி அலைய வேண்டியதில்லை. இதில் வாதாட ஒன்றுமில்லை. கணக்கு பிசகுவது பாலத்தில்.

ஜோகூரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் காஸ்வே சுமார் 1 கிலோமீட்டர்தான், நம் பாம்பன் ரயில் பாலத்தில் பாதி. மண்டபத்தில் ஏறிப் பாம்பனில் இறங்குகிற மாதிரி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பாம்பனில் பஸ் நிற்காமல் போய்விடும். இங்கே ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்டுக் குடிநுழைவு (இமிகிரேஷன்) சோதனையைத் தாண்ட வேண்டும்.

நடைமுறை இதுதான். ஜோகூர் பாருவின் ஜே.பி. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் சோதனைக் கட்டடத்தில் மாடி ஏறி மலேசியக் குடிநுழைவை முடிக்க வேண்டும். கீழே இறங்கி 170, 160, 950 ஆகிய பஸ்களில் ஒன்றிலோ சி.டபிள்யூ. என்ற மஞ்சள் பஸ்ஸிலோ வரிசையில் நின்று ஏற வேண்டும். பாலம் தாண்டியதும் உட்லண்ட்ஸில் பையும் பிள்ளையுமாக எல்லோரும் இறங்க வேண்டும். பஸ் நமக்காகக் காத்திருக்காது. மறுபடி மாடி ஏறி சிங்கப்பூர்க் குடிநுழைவு, பை ஸ்கேன், மறுபடி கீழே இறங்கி அதே எண் பஸ்ஸுக்கு இன்னொரு வரிசை. சி.டபிள்யூ. பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்தால் இரண்டாவது முறை மறுபடி காசு கொடுக்க நேரும். 170 பிடித்தால் தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள குவீன் ஸ்ட்ரீட் வரை போகலாம். வழியில் கிராஞ்சியில் இறங்கி ரயில் பிடித்தால் நியூட்டனில் மாற வேண்டும்.

கூட்டமில்லாத நேரத்தில் இது ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் இந்தப் பாலத்தை நாளுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். விடிகாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மலேசியர்கள், மாலையில் அதே கூட்டம் திரும்புகிறது. வெள்ளி மாலை ஜோகூர் பக்கமும், ஞாயிறு மாலை சிங்கப்பூர் பக்கமும் நெரிசல். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை என்றால் நேரக் கணக்கே சொல்ல முடியாது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் காலையில் புறப்பட்டு மாலையில்தான் திரும்புவார். ஆக, இரண்டு வேளையும் மாட்டிக்கொள்வது அவர்தான். வாசலிலிருந்து வாசல் வரை போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்தாலும் மூன்று நாளில் 12 மணி நேரம் போகிறது. நாலு நாள் பயணத்தில் அது ஒரு முழுப் பகல்.

இதைவிடப் பெரிய தொல்லை தாள் வேலை. சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எஸ்.ஜி. வருகை அட்டையை இணையத்தில் புதிதாக நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அரசுத் தளத்தில் இது இலவசம், காசு கேட்கும் தளங்கள் வேறு யாருடையவோ. மலேசியாவுக்குள் நுழைய அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டை தனி. நாலு பேர் குடும்பம் தினமும் போய் வந்தால் ஒரு நாளைக்கு எட்டுப் படிவம். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்க அனுமதி என்பது மின்னஞ்சலில் வரும். ஏஜென்ட் தன் மின்னஞ்சலைப் போட்டு அட்டையை நிரப்பிவிட்டால் அந்த அனுமதி அவர் பெட்டிக்குத்தான் போகும். உங்கள் மின்னஞ்சலைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

விசாத் தாளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒருமுறை நுழைவு என்று இருந்தால் ஜோகூர் யோசனைக்கு இடமே இல்லை. முதல் நாள் சிங்கப்பூரில் இறங்கி இரவு ஜோகூர் போனவர் மறுநாள் உள்ளே வர முடியாது. பலமுறை நுழைவு என்றாலும் ஒவ்வொரு முறையும் அனுமதிப்பது அந்த அதிகாரியின் முடிவு. ஒரே வாரத்தில் அந்தச் சோதனைக்கு மூன்று நாலு முறை நிற்பது முதல் பயணத்தில் வேண்டாத பதற்றம்.

பாலத்தைத் தாண்ட ரயிலும் உண்டு. கே.டி.எம். ஷட்டில் ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடும். ஜோகூரிலிருந்து 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து 5 சிங்கப்பூர் டாலர். ஆனால் முன்பதிவு திறந்ததுமே நல்ல நேரத்து இருக்கைகள் போய்விடும். அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டே நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். ஆர்.டி.எஸ். என்ற புதிய ரயில் பாதையில் இரு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடும் ஏற்பாடு வருகிறது. அது ஓடத் தொடங்கியபின் இந்த ஒப்பீட்டைத் திரும்ப எழுத வேண்டிவரலாம்.

இரவு நேரமும் தேக்காவுக்கே சாதகம். கார்டன்ஸ் பை தி பேயில் விளக்குக் காட்சி 7:45, 8:45 மணிக்கு. மரினா பே சாண்ட்ஸ் முன் நீர்க்காட்சி 8, 9 மணிக்கு. இரண்டையும் பார்த்துவிட்டு தேக்காவில் தங்கியவர் பத்து மணிக்குள் அறைக்கு வந்து கால் நீட்டிவிடலாம். ஜோகூர்க்காரர் அப்போதுதான் உட்லண்ட்ஸ் பக்கம் போய்க்கொண்டிருப்பார். மண்டாயில் இருக்கும் விலங்குக் காட்சியகமும் நைட் சஃபாரியும் மட்டும் வடக்கே இருப்பதால் அந்த ஒரு நாள் ஜோகூர் கிட்டே. பிள்ளைகளுக்கு லெகோலாண்டே முக்கியம் என்றால் அதுவும் ஜோகூரில்தான்.

தேக்காவுக்குப் போவது எளிது. சாங்கி விமான நிலையத்தின் ரயில் நிலையம் 2ஆம், 3ஆம் முனையங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. நிலையப் பலகைகளில் தமிழும் இருக்கும். நள்ளிரவுக்கு மேல் ரயில் கிடையாது, அப்போது டாக்சிதான். நம்மூர் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல். ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்குவது நிம்மதி.

அறை போடும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலில் ஜன்னல். பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியதில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய, விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில்தான் இருக்கும். அடுத்தது லிஃப்ட். குறுகலான மரப்படியில் 25 கிலோப் பெட்டியைத் தூக்குவது பெரியவர்களுக்கு ஆகாது. மூன்றாவது அறை தரும் நேரம். திருச்சியிலிருந்து இரவு விமானம் பிடித்தால் காலையிலேயே இறங்கிவிடுவோம், அறையோ பிற்பகல் 2, 3 மணிக்குத்தான். பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு தேக்கா சென்டரில் சாப்பிடப் போகலாம். சாப்பிட்ட தட்டை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரை போகும். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தஃபா கடை எல்லாம் நடை தூரம். ஞாயிறு மாலை மட்டும் அந்தச் சாலையில் தொழிலாளர் கூட்டம் நிரம்பிவழியும், பெட்டியோடு வருகிறவர்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

சிங்கப்பூரின் கேலாங் பகுதியிலும் மலிவாக அறை கிடைக்கும். அங்கே இரட்டைப்படை எண் லோரோங்குகள் (சந்துகள்) குடும்பத்தோடு தங்க ஏற்றவை அல்ல.

பெட்டி கட்டும்போது: பாம்பன் கருவாடு சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாம், வாசம் வராமல் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். உப்புக்கண்டம், கறி ஊறுகாய் கூடாது, இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை. கசகசா, புகையிலைப் பாக்கு, மின்சிகரெட், சூயிங் கம் எதுவும் வேண்டாம். சாதாரண சிகரெட் ஒரு பெட்டி என்றாலும் வரி உண்டு. மசாலாப் பொடியில் கசகசா அரைத்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஜோகூரையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பாலத்தை ஒரே ஒரு முறை கடக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் தேக்காவில் மூன்று நாலு இரவு. பிறகு ஜோகூரில் ஓர் இரவு. லார்கின் பஸ் நிலையத்திலிருந்து கோலாலம்பூர் பஸ், நாலைந்து மணி நேரம். அங்கிருந்து திருச்சிக்கு விமானம். அந்தத் திரும்பும் டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், சாங்கியில் கேட்டால் காட்டலாம். பாலம் தாண்டும் நாள் வார நாளாக இருக்கட்டும். காலை 10 மணிக்கு மேல் குவீன் ஸ்ட்ரீட்டில் பஸ் ஏறினால் வேலைக்குப் போகும் கூட்டம் எதிர்ப்பக்கம் போய் முடிந்திருக்கும், பெட்டியோடு படி ஏறி இறங்க இடமும் இருக்கும்.