சாம்பல் ஜியோலைட் பவுடர்: யூஸ் பண்ணிப் பாத்தது

நிலக்கரிச் சாம்பல காஸ்டிக் சோடால போட்டு 100 டிகிரி கிட்ட வேகவச்சு எடுக்குற ஜியோலைட் (குட்டிக் குட்டித் துளை நிறைஞ்ச பொடி), புகையில இருக்குற பாதரசத்த பிடிக்குதான்னு பாக்க லேபுக்கு ரெண்டு கிலோ வாங்கினோம். வெறும் பவுடர் சுமார்தான், தனிமமா இருக்குற பாதரச ஆவி ஈசியா ஒட்டாது, ஆனா கந்தகம் ஏத்துன பாக்கெட் நிஜமாவே சூப்பர். இந்தியாவுல பெரும்பாலான அனல்மின் நிலையத்துக்கு 2015 விதிப்படி புகையில பாதரசம் கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம்தான் லிமிட், அதுக்காக ஆக்டிவேட்டட் கார்பன் (பாதரசத்த உறிஞ்சுற கரித்தூள்) போட்டா அது சாம்பலோட கலந்துடும், அந்த சாம்பல கான்கிரீட்டுக்கு எடுத்தா, அதுல காத்துக்குமிழிக்கு சேக்குற கெமிக்கல அந்த கார்பன் உறிஞ்சிடும், அப்புறம் அந்த சாம்பல யாரு வாங்குவா? குப்பையே நஞ்ச பிடிக்குதுன்னா மனசுக்கு அவ்ளோ நிறைவு. பேக்கிங் மட்டும் மோசம், ஈரம் ஏறியிருந்துச்சு, தண்ணி துளைய அடைச்சுக்கும், வாங்குனா முதல்ல நல்லா சூடுபண்ணி காய வைங்க.