பளிங்குத் தரை உள்ளவர்கள் கவனத்திற்கு: நேரலையில் வாங்கிய துப்புரவுத் தொகுப்பால் என் 268 சிங்கப்பூர் வெள்ளி போனது, தரையும் போனது

கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் தரை கண்ணில் படும். பட்டால் மறுபடியும் வயிறு எரியும்.

தீபாவளிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்ய என்று 268 வெள்ளி கொடுத்து ஒரு துப்புரவுத் தொகுப்பு வாங்கினேன். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். எந்தப் பொருளை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன். விற்றவர் பெயரையும் தளத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. இரவு நேரத்தில் சமூக ஊடகத்தில் நேரலையில் தோன்றி, தமிழில் பேசி, வீட்டுச் சாமான்கள் விற்பவர்களில் ஒருவர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்களுடையது சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் உள்ள பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. கூடத்துத் தரை பளிங்கு. 1994ல் என் மாமனார் கடை கடையாக ஏறி இறங்கிக் கல்லைத் தேர்ந்தெடுத்துப் பதித்தது. அவர் இப்போது இல்லை. என் மாமியார் இத்தனை ஆண்டுகளாக அந்தத் தரையை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத்தான் துடைத்துவருகிறார். வேறு எதையும் அந்தத் தரையில் ஊற்ற விடமாட்டார். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால்கூட அடியில் செய்தித்தாளை நான்கு மடிப்பாக விரித்த பிறகுதான் உட்காருவார். எதற்கு இவ்வளவு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இப்போது புரிகிறது.

எனக்கு இருந்தது நேரமின்மை. வேலை முடிந்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. சமையலறைப் புகைபோக்கியில் எண்ணெய்ப் பிசுக்கு, மின்விசிறி இறக்கைகளில் விரல் தடிமனுக்குத் தூசி, குளியலறைக் கூரையில் கறுப்பாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையை எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே தொகுப்பு என்று ஒருவர் காட்டியபோது கை தானாகவே அங்கே நின்றுவிட்டது.

நான்கு போத்தல்கள், ஒரு சுழல் துடைப்பான், ஆறு துணிகள். போத்தல்களில் 1, 2, 3, 4 என்று எண்கள் மட்டும். தரைக்கு 1, கழிவறைக் கிண்ணத்துக்கு 2, பூஞ்சைக்கு 3, அடுப்பு எண்ணெய்க்கு 4 என்று அவர் விளக்கினார். “படிக்க நேரமில்லாத நம் வீட்டுப் பெண்களுக்காகவே எண் போட்டிருக்கிறேன்” என்றார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது.

நான் உடனே வாங்கிவிடவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். “எங்கள் வீட்டில் பளிங்குத் தரை. 1ஆம் எண் பாதுகாப்பானதா?” என்று நேரலையிலேயே எழுதிக் கேட்டேன். நூற்றுக்கணக்கான கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அவர் நிறுத்தி, என் பெயரை வாய்விட்டுப் படித்தார். “அக்கா, நல்ல கேள்வி கேட்டீர்கள். உங்கள் வீட்டுப் பளிங்குக்காகவே செய்தது இது. ரசாயனமே கிடையாது. எங்கள் அம்மா வீட்டிலும் பளிங்குதான், அங்கேயும் இதைத்தான் ஊற்றுகிறேன். தங்கை சொல்கிறேன், நம்புங்கள்” என்றார்.

நம்பினேன். இந்த ஊரில் கடைக்குப் போனால் பாதிப் பொருளின் விவரம் நமக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. கேட்டால் விளக்கிச் சொல்ல ஆள் இருப்பதில்லை. நம் மொழியில், நம் பெயரைச் சொல்லி, நாம் கேட்டதற்கு நேராக ஒருவர் பதில் சொன்னால் மனம் இளகத்தான் செய்கிறது. தளத்தின் வழியாகக் கட்டாமல் நேரே தன் கைப்பேசி எண்ணுக்கு பேநவ் வழியாகப் பணம் அனுப்பினால் 30 வெள்ளி குறையும் என்றார். 298, 268 ஆனது. அனுப்பினேன். திரையில் வந்தது ஒரு தனிநபரின் செல்லப்பெயர். நிறுவனப் பெயர் வரவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியை நான் மதித்திருக்க வேண்டும்.

மூன்று நாளில் வரும் என்ற பெட்டி ஒன்பதாம் நாள் வந்தது. கேட்டபோதெல்லாம் “பாதை நெரிசல் அக்கா” என்ற பதில். பிரித்தால், போத்தல்களில் எண்ணைத் தவிர ஓர் எழுத்து இல்லை. என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, எதுவும் இல்லை. துடைப்பானின் கைப்பிடி முதல் பிழியலிலேயே வளைந்தது. துணிகள் சாயம் விட்டன. அவற்றைப் பற்றி மேலும் எழுதி நேரத்தை வீணாக்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை, அவர் சொன்ன அளவிலேயே ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி 1ஆம் எண்ணை ஊற்றிக் கூடத்தைத் துடைத்தேன். கறை இருந்த இடங்களில், அவர் காட்டியபடியே, நேராகக் கொஞ்சம் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டேன். ஈரமாக இருக்கும்போது தரை பளபளவென்றுதான் இருந்தது. திருப்தியாகக் குளியலறைக்குப் போனேன்.

அடுத்து நடந்ததைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பிடிவாதமான பூஞ்சைக்கு 1ஐ ஊற்றி, அது காய்வதற்குள் அதன் மேலேயே 3ஐத் தெளிக்க வேண்டும் என்று அவர் நேரலையில் செய்து காட்டியிருந்தார். அப்படியே செய்தேன். நீச்சல் குளத்து வாடையைப் பத்து மடங்காக்கியது போன்ற ஒரு நெடி ஏறியது. கண் எரிந்தது, தொண்டை இறுகியது, மூச்சை இழுக்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே ஓடிவந்தேன். என்ன ஆயிற்று என்று பதறி அருகில் வந்த மாமியாருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. 78 வயது அவருக்கு. சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு இருவரும் நடைவழியில் போய் நின்றோம். அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் மாலையில் வீடு திரும்பி, போத்தல்களை முகர்ந்து பார்த்த உடனேயே சொன்னாள்: 3ஆம் எண் குளோரின் வெளுப்புத் திரவம், 1ஆம் எண் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. பள்ளியில் எச்சரித்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாமனார் தரை பதித்தபோது மிஞ்சிய ஒரு துண்டுப் பளிங்கு தொட்டியின் அடியில் கிடந்தது. அதன்மேல் 1ஆம் எண்ணில் ஒரு சொட்டு விட்டாள். சுர்ரென்று நுரைத்தது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கல்லே கரைந்து கரியமில வாயுவாகப் பொங்கும். மாமியார் புளித்தண்ணீருக்குச் செய்தித்தாள் விரித்ததன் காரணமும் அதுதான்.

அதற்குள் கூடம் காய்ந்திருந்தது. வாசலிலிருந்து பூசை அறை வரை வெள்ளை வெள்ளையாக மங்கிய திட்டுகள். துடைத்தோம், மறுபடியும் துடைத்தோம். அது கறை என்றால் போகும். கல் அரித்துப்போனது எப்படிப் போகும்? இயந்திரம் வைத்து மீண்டும் மெருகேற்ற வேண்டும் என்கிறார்கள். கூடத்துக்கு மட்டும் 700 வெள்ளிக்குக் குறையாது என்று ஒருவர் கணக்குச் சொன்னார். மாமியார் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. பூசை அறைக்கு முன்னால் இருந்த பெரிய திட்டின்மேல் ஒரு பாயை எடுத்து விரித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதல் நாள்: “அக்கா, கவலைப்படாதீர்கள், குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.” இரண்டு நாள் கழித்து: “மேடம், தயாரிப்பாளரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்.” பணம் கைக்கு வரும்வரை அக்கா, திருப்பிக் கேட்டதும் மேடம். அதற்கு மறுநாள்: “நீங்கள் அளவுக்கு மீறி ஊற்றியிருப்பீர்கள்.” அவர் சொன்ன அளவுதான், நேரலைப் பதிவைப் பாருங்கள் என்றேன். பதிவைத் தேடினால் அது நீக்கப்பட்டிருந்தது. “சலுகை விலைப் பொருளுக்குப் பணம் திரும்பக் கொடுக்கும் வழக்கம் இல்லை” என்று அடுத்த செய்தி. அதற்கும் அடுத்து வந்ததை என்னால் மறக்க முடியாது. தரையை மெருகேற்றும் 5ஆம் எண் போத்தல் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம், எனக்கு மட்டும் பாதி விலையாம்.

என் 268 வெள்ளியைக் கொடுங்கள் என்று எழுதினேன். அத்துடன் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினேன். தளத்துக்கு வெளியே கட்டிய பணத்துக்குத் தங்களால் எதுவும் செய்ய இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. 30 வெள்ளி குறைத்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு கொண்டுபோகலாம். என்னைப் போன்ற பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரை விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளிதான். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் யார்மீது கொடுப்பது? என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு செல்லப்பெயரும். முகவரி இல்லை, நிறுவனப் பதிவு எண் இல்லை. ஆனாலும் விடப்போவதில்லை. உரையாடல்கள், பணம் அனுப்பிய சான்று, போத்தல்கள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன்.

எதை வாங்கலாம் என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத போத்தலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வெளுப்புத் திரவத்தோடு கழிவறை அமிலம், வினிகர், அமோனியா எதையும் சேர்க்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள். பளிங்குக்கு எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் ஆகாது, “இயற்கையானது” என்று சொன்னாலும் ஆகாது. பாத்திரத் திரவமும் மென்துணியும் போதும். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் பணம் அனுப்புவதற்கு முன்பே மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

சற்று முன் என் தங்கை அழைத்தாள். அவளுடைய கணக்கை அந்த விற்பனையாளர் தடுக்கவில்லை. இன்று இரவு எட்டரைக்கு அதே ஆள் வேறு பெயரில் நேரலைக்கு வருகிறாராம், “தீபாவளி இறுதிச் சலுகை” என்று அறிவிப்பு ஓடுகிறதாம். பளிங்குத் தரைக்கு ஆகுமா என்று இன்றும் யாராவது ஓர் அக்கா கேட்பார். உங்களில் யாராவது அங்கே இருந்தால் அவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள்.