ஃபைபர் கட்டு: கூடுதல் காசுக்குத் தகுமா?

"மாவுக்கட்டு போடவா, ஃபைபர் போடவா?" எலும்பு முறிந்து போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஃபைபர் ரோலின் விலை மாவு ரோலைப்போலப் பல மடங்கு. அதில் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று நம்பித்தான் பலர் தலையாட்டுகிறார்கள். அது நடக்காது. எந்தக் கட்டும் எலும்பை ஒட்டவைப்பதில்லை. உடைந்த முனைகளை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையை ஃபைபர் எப்போது நன்றாகச் செய்கிறது, எப்போது சொதப்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாலியூரித்தேன் பிசின் ஊறிய கண்ணாடி இழைப் பின்னல்தான் இந்த ரோல். ஈரம் புகாத உறையில் வரும். உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஈரமே அதை இறுக வைக்கத் தொடங்கும் என்பதால், சுற்றும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போதே ரோல் விறைப்பாக இருந்தால் அது பழைய சரக்கு. சாதாரணத் தண்ணீரில் முக்கி, இரண்டு மூன்று முறை பிழிந்து சுற்றுவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும், அரை மணி நேரத்தில் எடை தாங்கும். மாவுக்கட்டு முழுவதும் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். ஃபைபரின் எடையும் குறைவு, எக்ஸ்ரேயிலும் எலும்பு தெளிவாகத் தெரியும். இதுவரை ஃபைபருக்கே வெற்றி.

ஆனால் அடிபட்ட அன்றே முழுச் சுற்று ஃபைபர் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும், இந்தப் பொருளோ கொஞ்சமும் இளகிக் கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடினால் தசைக்குப் போகும் இரத்தம் தடைபடும். வலி மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை அடுத்தவர் நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி, மரத்துப்போதல், விரல் வெளிறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே போய்க் கட்டைப் பிளக்கச் சொல்ல வேண்டும். அதனால்தான் முதலில் ஒரு பக்கம் மட்டும் மாவு ஸ்லாப் வைத்து, மேலே துணி பேண்டேஜ் சுற்றி, அடிபட்ட கையையோ காலையோ தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். வீக்கம் வடிந்து ஒரு வாரம் போல ஆனதும் ஃபைபருக்கு மாறலாம். இரண்டு முறை காசு போகிறதே என்று முணுமுணுக்க வேண்டாம், சரியான முறை அதுதான்.

இழுத்து நேராக்கிய முறிவு என்றால் மாவுக்கே எங்கள் ஓட்டு. உள்ளங்கையால் அழுத்தி எலும்பின் வளைவுக்கேற்ப வடிவம் பிடிக்க மாவு இணங்குவதுபோல ஃபைபர் இணங்காது. எதில் போட்டாலும், வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளத்து முனைகள் நகரக்கூடும். நேராக்கிய மணிக்கட்டுக்கு முதல் இரண்டு வாரமும் வாரம் ஒரு எக்ஸ்ரே எடுப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான். மூன்றாவது வாரத்தில் முனைகளுக்கிடையே நாரும் குருத்தெலும்பும் பாலம் போட்டுவிடும். அதன்பின் மறுபடி இழுத்து நேராக்குவது கடினம்.

போட்டு முடித்த கட்டை அங்கேயே சோதித்துப் பாருங்கள். முழங்கைக்குக் கீழான கட்டு, உள்ளங்கையில் விரல்களை ஒட்டி ஓடும் மேல்ரேகைக்கு முன்பே நிற்க வேண்டும். விரல்களை முழுசாக மடக்க முடியாவிட்டால் ஓரத்தை வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கட்டு பிரித்தபின் விரல் விறைத்து நிற்கும். மணிக்கட்டின் வெளி முண்டு, குதிகால், முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே உள்ள முண்டு ஆகிய இடங்களில் பஞ்சு கூடுதலாக வேண்டும். கடைசி இடத்தில் நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும்.

"தண்ணீர் படலாம்" என்று விற்பதும் பாதி உண்மைதான். ஃபைபர் கரையாது, ஆனால் உள்ளே இருக்கும் சாதாரணப் பஞ்சு நனைந்தால் லேசில் காயாது. தோல் ஊறி, புண்ணாகி, நாற்றமெடுக்கும். நீர் தங்காத தனி உள்பஞ்சு போட்டால்தான் குளிக்கலாம்.

எலும்பு கூடும் வேகத்தைத் தீர்மானிப்பது இரத்த ஓட்டமும் உங்கள் உடம்பும்தான். மணிக்கட்டு முறிவுக்கு ஐந்தாறு வாரக் கட்டு பெரும்பாலும் போதும். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு மூன்று நான்கு மாதம் எடுக்கும், ஏனென்றால் அதன் முன்பக்கம் தசையின்றித் தோலுக்கடியிலேயே கிடக்கிறது. சிகரெட் பிடித்தால் நிக்கோட்டின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். கட்டுக்குத் தரும் காசைவிட அந்த சில மாதம் புகைக்காமல் இருப்பதற்கு மதிப்பு அதிகம். கட்டுப்படாத சர்க்கரையும் வைட்டமின் டி குறைவும் இதே வேலையைச் செய்யும். ஆட்டுக்கால் சூப் ருசிக்காகக் குடியுங்கள். எலும்பிலுள்ள கால்சியம் கொதிநீரில் பெரிதாக இறங்காது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூடவே முட்டை, பருப்பு, மீன் என்று புரதமும் வேண்டும்.

கட்டை அகற்றும் மெஷினின் பிளேடு சுழலாமல் அதிர்வதால் தோலை வெட்டுவது அரிது. ஆனால் ஃபைபரை வெட்டும்போது பிளேடு நன்றாகவே சூடாகும், சூடு தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அகற்றவும் தனிக் கட்டணமா என்பதை ரோல் பிரிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.